அதிர்விலிருந்து மின்சாரம்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணக்கு

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் குடியிருக்கும் எவருக்கும் கரையோரப் புகையிரதத்தின் நடுக்கம் புதிதன்று. வண்டி கடக்கும்போது யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். அலுமாரிக்குள் அடுக்கிய பீங்கான்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனதிலிருந்து, அசைகின்ற எதையும் வீணாகிப்போகும் மின்சாரமாகவே பார்க்கும் பழக்கம் எங்கள் தொடர்மாடியில் பலருக்கு வந்துவிட்டது. மேல்மாடியிலிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என்னைப் படிக்கட்டில் கண்டால் கேட்கும் கேள்வி இதுதான்: “தம்பி, இவ்வளவு நடுங்குதே, இதிலயிருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்க ஏலாதோ?”

எடுக்கலாம் என்பதுதான் விடை. எவ்வளவு எடுக்கலாம், அதை வைத்து என்ன செய்யலாம் என்பவை வேறு கேள்விகள். இலத்திரனியல் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் இதைப் படிக்கட்டில் நின்று விளக்கி முடிக்க என்னால் இயலாது, ஆகவே எழுதுகிறேன். கணக்காளருக்கு எழுதுவதால் கணக்கோடுதான் எழுத வேண்டும்.

அமுக்கினால் மின்னேற்றம் காட்டும் பொருள்களின் கதை ஓரளவுக்கு இலங்கையிலிருந்தே தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர்கள் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன இரத்தினக் கற்களுள் துர்மலின் என்னும் கல்லும் இருந்தது. நெருப்பின் அருகே சூடேறிய அந்தக் கல் சாம்பல் துகள்களை முதலில் இழுத்து, பின்னர் தள்ளியது. அதனால் அதனை இலங்கைக் காந்தம் என்றும் அழைத்தார்கள். அது காந்தம் அன்று என்பதையும், சூடேறும்போது கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னேற்றங்கள் தோன்றுகின்றன என்பதையும் 1756இல் ஜேர்மன் அறிஞர் ஏபினஸ் காட்டினார். வெப்பம் ஒரு பளிங்கில் மின்னேற்றத்தை உண்டாக்குமானால், அமுக்கமும் அதைச் செய்ய வேண்டும் என்று பளிங்குகளின் சமச்சீரை ஆராய்ந்துகொண்டிருந்த பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கருதினார்கள். 1880இல் துர்மலின், குவார்ட்ஸ், ரொஷெல் உப்பு, ஏன், கரும்புச் சீனிப் பளிங்கிலும்கூட அதனை அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே, இதன் மறுதலையும் உண்மையாக இருக்க வேண்டும், அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு வடிவம் மாற வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் லிப்மன் வெப்ப இயக்கவியலிலிருந்து எதிர்வுகூற, சகோதரர்கள் அதனையும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பளிங்கினுள் நேர் அயன்களும் மறை அயன்களும் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்கிற்கு நடுப்புள்ளிச் சமச்சீர் இருந்தால், எப்படி அமுக்கினாலும் நேர் ஏற்றங்களின் மையமும் மறை ஏற்றங்களின் மையமும் ஒன்றாகவே நகரும். வெளியே எதுவும் தெரியாது. அந்தச் சமச்சீர் இல்லாத பளிங்கில் அமுக்கம் அவ்விரு மையங்களையும் பிரித்துவிடுகிறது. பளிங்கின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது. பளிங்குகளின் 32 வகுப்புகளில் 20 வகுப்புகளுக்கு இந்தப் பண்பு உண்டு. ஆனால் அளவு மிகச் சிறிது: குவார்ட்ஸை ஒரு நியூற்றன் விசையால் அமுக்கினால் கிடைப்பது இரண்டு பிக்கோகூலோமுக்குச் சற்று அதிகமான மின்னேற்றமே. மணிக்கூட்டுக்குள் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காட்ட அது போதும். விளக்கு எரிக்கப் போதாது.

இன்று அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்க முனைபவர்கள் பெரும்பாலும் கையாள்வது, 1950களில் உருவான ஈய சேர்க்கோனேற்று தைத்தனேற்று என்ற மட்பாண்ட வகைப் பொருளை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பீசெட்டி என்பார்கள். சுட்டெடுத்தவுடன் அது எதற்கும் உதவாது. அதன் நுண்மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்கி இருப்பதால் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சூடான எண்ணெயில் இட்டு, மில்லிமீற்றருக்கு இரண்டு, மூன்று ஆயிரம் வோல்ற்று மின்புலத்தைச் செலுத்தி, ஆறவிட்டால் அவை பெருமளவுக்கு ஒரு திசைக்குத் திரும்பி நின்றுவிடும். அதன்பிறகு ஒரு நியூற்றனுக்கு முந்நூறு முதல் அறுநூறு பிக்கோகூலோம்வரை, குவார்ட்ஸைவிட நூறு மடங்கிற்கும் மேலாகக் கிடைக்கும். இந்தப் பொருளின் நிறையில் அறுபது வீதத்திற்கு மேல் ஈயம் என்பதை மறந்துவிடக் கூடாது. உடைந்த தகட்டைச் சமையலறைக் குப்பையோடு போடுவதை நான் விரும்புவதில்லை. ஈயமில்லாத மாற்றுகள் உள்ளன. விலையிலும் செயலிலும் அவை இன்னும் இதனை வெளியேற்றிவிடவில்லை.

இந்தப் பொருளை வாங்க எங்கும் போகத் தேவையில்லை. எல்லோருடைய வீட்டிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. காஸ் அடுப்பை மூட்டும் லைட்டரின் ‘டக்’ என்ற ஓசை, வில்லொன்றால் தள்ளப்பட்ட சிறு சுத்தியல் பீசெட்டி உருளையில் மோதும் ஓசைதான். அந்த ஓர் அடியில் எழும் பல ஆயிரம் வோல்ற்றுத்தான் காற்றிடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் ‘பஸர்’ என்று கேட்டால், பித்தளை வட்டத்தின் மேல் வெண்மையான பூச்சுடன் ஒரு தகடு தருவார்கள். சத்தம் எழுப்புவதற்காகச் செய்யப்பட்ட அதே தகட்டை விரலால் அமுக்கினால் மின்னழுத்தம் தரும். பாடசாலைக் கண்காட்சிகளில் இவற்றை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, மிதித்தால் சிவப்பு எல்ஈடி மின்னுமாறு வைத்து, பக்கத்தில் ‘எதிர்காலக் கொழும்பின் மின்சாரம்’ என்று அட்டை எழுதியிருப்பார்கள். பிள்ளைகளின் முயற்சியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அட்டையோடுதான் என் வழக்கு.

ஏனென்றால் எல்ஈடியின் அந்த மின்னுதலில் இருக்கும் சக்தியைக் கணக்கிடுவது எளிது. 27 மில்லிமீற்றர் விட்டமுள்ள அத்தகைய தகடு ஏறத்தாழ 20 நனோபரட் கொள்ளளவுடைய ஒரு கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு, போன்றது. ஓர் அமுக்கத்தில் அது 30 வோல்ற்று காட்டியது என்று வைத்துக்கொண்டால், அதில் சேர்ந்த சக்தி, கொள்ளளவையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகையின் பாதி: 9 மைக்ரோயூல். கைப்பேசி ஒன்றின் 4,000 மில்லியம்பியர்-மணி மின்கலத்தில் ஏறத்தாழ 55,000 யூல் சக்தி இருக்கும். ஆகவே துளியும் இழக்காமல் சேர்த்தாலும் அந்தக் கைப்பேசியை நிரப்ப அறுநூறு கோடிக்கும் மேற்பட்ட அமுக்கங்கள் வேண்டும். செக்கனுக்கு ஒன்றாக இரவு பகல் அமுக்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 194 ஆண்டுகள் ஆகும். முப்பது வோல்ற்று என்ற எண்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. வோல்ற்று பெரிதாக இருப்பதால் சக்தி பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

மட்டமான தகட்டை எடுத்துவைத்து வழக்கைச் சோடிக்கிறேன் என்று கணக்காளர் சொல்லக்கூடும். அப்படியானால் தகட்டை மறந்துவிட்டு, இயற்கை விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவையே எடுத்துக்கொள்வோம். எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கோட்டைப் புகையிரத நிலைய மேடையில் கால் வைக்க, அந்த இடம் ஐந்து மில்லிமீற்றர் தாழ்கிறது என்று கொள்வோம். அவர் நிறை முழுவதும் செய்த வேலை 3.4 யூல். அதை ஒரு பொட்டும் விடாமல் மின்சாரமாக்கினாலும், ஓர் இலட்சம் காலடிகளிலிருந்து கிடைப்பது 0.1 அலகுக்கும் குறைவு. பத்து இலட்சம் காலடிகளுக்கு ஓர் அலகுகூடச் சரியாக வராது. அதே மேடையின் கூரைமேல் வைத்த ஒரேயொரு சதுர மீற்றர் சூரியத் தகடு, மழையில்லாத ஒரு நாளில் எவரையும் மிதிக்கச் சொல்லாமல் ஏறத்தாழ ஓர் அலகைத் தந்துவிடும். கொழும்பில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

தோக்கியோ புகையிரத நிலையத்தில் 2006இலும் 2008இலும் நுழைவாயிலருகே இத்தகைய தளத்தை விரித்துச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நடக்கும் இடம் அது. உலகில் எங்கேனும் இந்தத் திட்டம் கைகூட வேண்டுமானால் அங்கேதான் கைகூடியிருக்க வேண்டும். இன்றும் அந்த நிலையம் வழக்கமான மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மேலும், ஐந்து மில்லிமீற்றர் தாழ்ந்துகொடுக்கும் தரையில் நடப்பவர் அந்தச் சக்தியைத் தம் உடலிலிருந்தே கொடுக்கிறார். காலிமுகக் கடற்கரையில் மணலில் நடந்தால் கால் ஏன் சோர்கிறதோ, அதே காரணம். காலையில் கடைப் பாணும் தேநீருமாக வேலைக்கு ஓடிவரும் ஆளிடமிருந்து நிலையம் சக்தி வசூலிப்பது எவ்வகையில் நியாயம் என்பதை நான் இங்கு ஆராயப் போவதில்லை.

வீதிக்கு அடியில் இத்தகைய தகடுகளைப் புதைப்பதைப் பற்றியும் அதையே சொல்ல வேண்டும். வாகனத்தின் சில்லுக்குக் கீழே தரை அமிழ்ந்துகொடுத்தால் சில்லு எந்நேரமும் சிறு பள்ளம் ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கான சக்தி எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சினோ எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்ட பின்னர்தான் எஞ்சியதைச் சில்லுக்குத் தருகிறது. தார் வீதி ஏற்கெனவே வெப்பமாக இழந்துகொண்டிருக்கும் சிறு பங்கை மட்டும் பிடித்தால் வாகனக்காரருக்கு நட்டமில்லை. அதற்குமேல் எடுத்தால், அது ஓட்டுநரின் டீசலில் மிக மோசமாக ஓடும் ஒரு மின்பிறப்பாக்கி. கியூஆர் குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் எரிபொருள் வாங்கிய ஊரில் இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் வீட்டு நடுக்கத்திற்கு வருவோம். அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியின் வழமையான வடிவம், ஒரு முனை சுவரில் இறுகப் பொருத்தப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் மெல்லிய சட்டம். சட்டத்தின் மேல் பீசெட்டி ஒட்டியிருக்கும். அந்தர முனையில் ஒரு சிறு திணிவு இருக்கும். சுவர் அதிரும்போது திணிவு சடத்துவத்தால் பின்தங்க, சட்டம் வளைய, வளைவில் மின்னேற்றம் தோன்றும். சுவரின் அதிர்வு மீடிறனும் சட்டத்தின் இயல்பு மீடிறனும் ஒன்றானால் பரிவு ஏற்பட்டு வளைவு பல மடங்காகும். அந்த நிலையில் எடுக்கத்தக்க உச்ச வலு, திணிவோடும் ஆர்முடுகலின் வர்க்கத்தோடும் ஏறும். மீடிறனோடும், அசைவை அடக்கும் தணித்தலோடும் இறங்கும். இதற்கான சூத்திரத்தில், பத்துக் கிராம் திணிவு, 25 ஹேர்ட்ஸ், நூறில் ஒரு பங்கு தணித்தல் விகிதம், சுவரின் உச்ச ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்திற்கு 0.1 மீற்றர் என்ற எடுகோள்களை இட்டால் விடை 4 மைக்ரோவாற்று. ஒரு வண்டி கடக்க இருபது செக்கன் எடுக்கட்டும். நாளொன்றுக்கு நூறு வண்டி போகட்டும். மொத்தம் 8 மில்லியூல். ஐந்து வாற்று எல்ஈடி விளக்கொன்றை அது எரிக்கும் நேரம் 1.6 மில்லிசெக்கன், எரிந்ததைக் கண் கண்டுகொள்ளுமா என்பதே சந்தேகம். சுவர் முழுவதும் ஆயிரம் சட்டங்களை நிறுத்தினாலும் ஒன்றரைச் செக்கனுக்குச் சற்று அதிகம். இத்தனைக்கும், புகையிரதத்தின் நடுக்கம் ஒரே மீடிறனில் வரும் என்ற பொய்யான சலுகையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். உண்மையில் அது பல மீடிறன்களில் சிதறி வருகிறது.

ஆகவே மின்சார சபையின் மாதாந்தப் பட்டியலோடு இதை ஒப்பிடுவதை விட்டுவிட வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான போட்டியாளர் நொரொச்சோலை அனல்மின் நிலையமும் அன்று, மகாவலி நீரும் அன்று. கடையில் சில நூறு ரூபாவுக்குள் கிடைக்கும் நாணய வடிவ மின்கலம்தான். 2032 என்று இலக்கமிட்ட அந்த மூன்று வோல்ற்று மின்கலம் ஏறத்தாழ 2,400 யூல் சக்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது. சராசரியாக 10 மைக்ரோவாற்று மட்டும் உண்ணும் ஓர் உணரிக்கு (சென்சர்) ஆண்டொன்றுக்கு 315 யூல் போதும். தாளில் பார்த்தால் அந்த மின்கலம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். அதிர்வு அறுவடைக் கருவியை விற்க வருபவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை மின்கலத்தை மாற்றுவதில் உங்களுக்கு என்ன சிரமம்?

சில இடங்களில் அந்தக் கேள்விக்கு வலுவான பதில் உண்டு. ஓடும் வாகனத்தின் ரயருக்கு உள்ளே, சுழலும் தண்டின் மேலே, பாலமொன்றின் அடிப்புறத்தில் ஏணி எட்டாத இடத்தில், மின்கலம் தாங்காத வெப்பத்தில் மாற்றுவது என்பதே இயலாத வேலை. மனித உடல் இன்னொன்று. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியின் மின்கலம் தீரும்போது நோயாளியை மறுபடியும் அறுக்க வேண்டியிருக்கிறது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெல்லிய பீசெட்டி நாடாக்களை மாடு, செம்மறி ஆடு ஆகியவற்றின் இதயத்தின் மேல் தைத்து, அந்த அசைவிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டினார்கள். சப்பாத்துக்குள் வைக்கும் முயற்சி இன்னும் பழையது: மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரடிசோ குழுவினர் 1990களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், சாதாரண நடையின்போது சப்பாத்தின் அடிப்பகுதியில் வைத்த பிளாத்திக்குப் படலம் சராசரியாக 1.3 மில்லிவாற்றும், குதிகாலடியில் வைத்த பீசெட்டி 8.4 மில்லிவாற்றும் தந்தன. காலடிகளைப் பற்றிய மேற்படி கணக்கின் பின்னணியில் பார்த்தால் 8.4 மில்லிவாற்று நேர்த்தியான வேலை. விளக்கு எரிக்க முயலாமல், ஓர் அடையாளக் குறியை வானொலி அலையில் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் அவர்களுடைய புத்திசாலித்தனம்.

இயந்திர அதிர்வைப் பற்றிய எண்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ரவுண்டி என்ற ஆய்வாளர் செய்த வேலை: செக்கன் வர்க்கத்திற்கு 2.5 மீற்றர் ஆர்முடுகலுடன் 120 ஹேர்ட்ஸில் அதிரும் பொருளிலிருந்து, ஒரு கன சென்றிமீற்றர் கருவிக்கு 375 மைக்ரோவாற்று. இந்த 120 என்ற இலக்கத்தைப் பார்த்துக் கருவியை இறக்குமதி செய்பவர் இங்கே ஏமாந்துபோவார். அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். காந்தப்புலம் ஒரு சுற்றில் இரண்டு தடவை இழுப்பதால் அங்கே நிலைமாற்றியும் (டிரான்ஸ்போமர்) மோட்டரும் 120இல் முனகுகின்றன. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இங்கே முனகல் 100இல் வரும். நல்ல சட்டம் ஒன்றின் பரிவுப் பட்டை ஓரிரு ஹேர்ட்ஸ் அகலமே இருக்கும் என்பதால், 120க்கு இசைத்த கருவி கொழும்பில் ஏறக்குறைய ஊமையாகிவிடும். சட்டத்தைச் சற்று நீளமாக்கி அல்லது முனைத் திணிவைக் கூட்டி 100க்கு இறக்கலாம். ஆனால் அந்தச் சில மில்லிமீற்றரைத்தான் யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

சட்டத்திலிருந்து வெளிவந்த மின்சாரத்தைப் பயனுள்ள வடிவத்துக்குக் கொண்டுவருவதிலும் பலர் சறுக்குகிறார்கள். அது மாறிமாறி வரும் ஓட்டம். நான்கு இருவாயிகளை (டயோட்) கொண்ட பாலச் சீராக்கியால் ஒரு திசைப்படுத்த வேண்டும். சாதாரண சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றும் 0.6 வோல்ற்று அளவில் விழுங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இருவாயிகள் ஓட்டத்தின் பாதையில் நிற்பதால், சிறு அதிர்வில் எழும் ஒரு வோல்ற்று மறுபக்கம் வந்து சேராது. அடுத்தது தகட்டின் உள்தடை. 20 நனோபரட் தகடு 100 ஹேர்ட்ஸில் 80 கிலோஓம் போலவும், விரலால் செக்கனுக்கு ஒரு தடவை அமுக்கும்போது 8 மெகாஓம் போலவும் நடந்துகொள்கிறது. பல்மானியின் (மல்டிமீற்றர்) உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம்; அதாவது, மெதுவான அமுக்கத்தில் அளக்கும் கருவியே தகட்டின் ஏற்றத்தில் பெரும்பங்கைக் குடித்துவிட்டு மீதியைத்தான் நமக்குக் காட்டுகிறது. வோல்ற்று குறைவாகக் காட்டுகிறதே என்று தகட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் மானியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் ஒரே மின்சுற்றுச் சில்லுக்குள் (சிப்) செய்யும் எல்டிசி 3588 போன்றவை சந்தையில் உள்ளன: சீராக்கி, கொள்ளளவியில் சேகரித்து, போதிய அளவு சேர்ந்த பின்னர் 1.8 முதல் 3.6 வோல்ற்றுக்குள் நாம் தெரிவுசெய்த ஓர் அளவில் வெளியிடும். ஆனால் அச்சில்லும் ஏறத்தாழ ஒரு மைக்ரோஅம்பியரைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. நான்கைந்து மைக்ரோவாற்றுக் கூலி. எங்கள் சுவரின் புகையிரத அதிர்வு அந்தக் கூலிக்கே போதாது.

கணக்காளருக்கு நான் சொல்ல விரும்புவது, அதே தொடர்மாடியில் அதிர்வுக்கு வேறோர் இடம் உண்டு என்பதைத்தான். நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பி. அது கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரித்தான்: முதலில் சற்றே அதிகமாக அதிரும், எவரும் கவனிக்கமாட்டார்கள், பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் குழாயில் காற்று வரும். அந்தப் பம்பியின் மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று, அதாவது 48 ஹேர்ட்ஸ். மேலே பயன்படுத்திய அதே சூத்திரத்தை, அதே பத்துக் கிராம் சட்டத்துடன் இங்கே இட்டுப் பார்த்தால் விடைகள் சுவாரசியமாக வருகின்றன.

சிறு இயந்திரங்களின் அதிர்வைத் தரம்பிரிக்கும் சர்வதேச நியமம் ஒன்று, பதினைந்து கிலோவாற்றுக்கு உட்பட்ட மோட்டர்களுக்கு அதிர்வு வேகம் செக்கனுக்கு 0.71 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் நன்று என்றும், 1.8 வரை ஏற்கலாம் என்றும், 4.5ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த மூன்று எல்லைகளிலும் நம் சட்டத்தின் உச்ச வலு முறையே 19, 122, 760 மைக்ரோவாற்று அளவில் வரும். வேகத்தின் வர்க்கத்தோடு வலு ஏறுவதால்தான் இந்தப் பாய்ச்சல். இழப்புகள் போக நாலில் ஒரு பங்கு மட்டும் கைக்கு வருகிறது என்று வைப்போம்: 5, 30, 190. சில்லின் கூலியைக் கழித்தால் முதலாவதில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒரு சிறு செய்தியை வானொலி அலையில் அனுப்ப 200 மைக்ரோயூல் வேண்டுமானால், இரண்டாவது நிலையில் எட்டுச் செக்கனுக்கு ஒரு செய்தியும், மூன்றாவது நிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு செய்தியும் போகும்.

இதிலிருந்து எனக்குப் பிடித்துப்போன விடயம், அதிர்வை அளப்பதற்கென்று தனியே ஓர் உணரி தேவையில்லை என்பது. செய்தியில் எந்த எண்ணும் இருக்க வேண்டியதில்லை. ‘இருக்கிறேன்’ என்ற ஒற்றைக் குறி போதும். இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட நேரமே பம்பியின் உடல்நிலையைச் சொல்லிவிடும். நலமாக ஓடும் பம்பி பேசாது. கெடக்கெட அடிக்கடி பேசும். சக்தியும் செய்தியும் ஒரே அதிர்விலிருந்து வருவதால், நாணய மின்கலத்தால் செய்ய முடியாத ஒன்றை இக்கருவி செய்கிறது என்று முதன்முதலாகச் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டிற்கு எல்லைகள் உண்டு. 48 ஹேர்ட்ஸுக்கு இசைத்த சட்டம், சமநிலை குலைந்த சுழலியையும் தளர்ந்த அடித்தளப் பிடிப்பையும் அச்சுப் பிசகையும் காட்டிக்கொடுக்கும். பெயாரிங்கில் தொடக்க நிலையில் ஏற்படும் சிறு தேய்வு மிக உயர்ந்த மீடிறன்களில் வெளிப்படுவதால் அதை இந்தச் சட்டம் கேட்காது. மோட்டரின் வேகம் சுமையைப் பொறுத்துச் சற்று ஏறி இறங்கும். தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்து பம்பி காற்றையும் சேர்த்து உறிஞ்சும்போது சுமை குறைந்து மோட்டர் 49ஐ நெருங்கக்கூடும். ஆகவே தணித்தலை வேண்டுமென்றே சற்றுக் கூட்டி, உச்ச வலுவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பட்டையை அகலமாக்க வேண்டியிருக்கிறது. பீசெட்டி அமுக்கத்தைத் தாங்குமளவுக்கு இழுவிசையைத் தாங்காது; பம்பி தொடங்கும் கணத்து உதறலில் அது விண்டுபோகாமலிருக்கச் சட்டத்தின் இருபுறமும் தடுப்பு ஆணி வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது மௌனத்தின் சிக்கல். குறி வரவில்லை என்றால் பம்பி நலமாக ஓடுகிறதா, ஓடவேயில்லையா, அல்லது தகடு உடைந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? இதற்காக மோட்டரின் 100 ஹேர்ட்ஸ் முனகலுக்கு இசைத்த இரண்டாவது சட்டம் ஒன்றைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். பம்பி எவ்வளவு நலமாக இருந்தாலும் மின்சாரம் பாயும்வரை அந்த முனகல் இருந்தே தீரும் என்பதால், அது சேகரிக்கும் சிறிதளவு ஏற்றம் பம்பி ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு குறியாவது அனுப்பப் போதுமா என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பாளர் குழுவின் பொருளாளர் நம் கணக்காளர்தான். பம்பி அறையின் சாவியும் அவரிடமே இருக்கிறது.